கை பழக வேண்டும்... ஆனால், யார் மீது?

வாழைப்பழத்தைக் கத்தியால் லேசாகக் கீறினால், தோல் பிளந்து காயம் மாதிரியே வாய் திறக்கும். தையல் போடக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் முதலில் வாழைப்பழத்தைத் தேடுவது அதனால்தான். நூலை இழுக்கும்போது கை கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டினாலும் தோல் கிழிந்துவிடும். வாழைப்பழம் சரியாக வந்தால் அடுத்தது கறிக்கடையில் வாங்கும் பன்றிக்கால். அதன் தோல் மனிதத் தோலுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஊசி போட்டுப் பார்க்க ஆரஞ்சு. ரத்தம் எடுத்துப் பழக, உள்ளே சிவப்புத் தண்ணீர் ஓடும் சிலிகான் கை.

உலகம் முழுக்க மருத்துவம் படிப்பவர்களின் கை இப்படித்தான் பழகுகிறது. இதில் யாருக்கும் நஷ்டமில்லை. தையல் கோணலானால், அடுத்த பழத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. இந்தக் கை என்றாவது ஒருநாள் உயிருள்ள உடம்பைத் தொட்டாக வேண்டும். அந்த முதல் உடம்பு யாருடையது?

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று வசதியான நாடுகளிலிருந்து மாணவர்கள் விமானம் ஏறுகிறார்கள். கென்யா, தான்சானியா, குவாத்தமாலா, பெரு, நேபாளம், இந்தியா என்று போய் இறங்குகிறார்கள். 'மருத்துவத் தன்னார்வலர்' என்பது அவர்களுக்குப் பெயர். அங்கே குடியேறிய நம் உறவுக்காரர்களின் பிள்ளைகளும் இதில் உண்டு. பெரும்பாலும் நல்ல மனசோடு போகிற பிள்ளைகள்தான். ஆனால், நல்ல மனசு எங்கே முடிகிறது, நோயாளியின் உடம்பு எங்கே தொடங்குகிறது என்பதை அவர்கள் புறப்படுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் இந்த அவசரம்?

நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் அப்படி இல்லை. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு பட்டப்படிப்பு. அப்புறம் 'எம்கேட்' என்ற நுழைவுத்தேர்வு. அதற்குப் பிறகுதான் நான்கு வருட மருத்துவக் கல்லூரி. மார்க் மட்டும் இருந்தால் இடம் கிடைத்துவிடாது. நோயாளிகளோடு பழகியிருக்கிறாயா, சேவை செய்திருக்கிறாயா என்று விண்ணப்பத்திலேயே பார்ப்பார்கள்.

அங்கேயே அதற்கு வழி உண்டு. முதியோர் இல்லங்களில் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி உட்கார வைக்கும் உதவியாளர் வேலை ஒன்று. பார்ப்பதற்கு எளிய வேலை மாதிரி இருக்கும். ஆனால், அதற்கே குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் கையால் செய்து பழக வேண்டும். பிறகு தேர்வும் உண்டு. ஆம்புலன்ஸில் முதல்நிலைப் பணியாளராகப் போக வேண்டுமென்றால் சுமார் 150 மணி நேரமோ அதற்கு மேலோ படிக்க வேண்டும்.

சொந்த ஊரில் ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கி உட்கார வைக்கவே இத்தனை கட்டுப்பாடு. அதே மாணவர் வெளிநாட்டில் இறங்கியதும், இரண்டு நாள் அறிமுக வகுப்பு முடித்த கையோடு ஊசியைப் பிடிக்க முடிகிறது என்றால், இடையில் என்ன மாறியது? அவருடைய திறமை மாறவில்லை. எதிரில் இருப்பவர் ஏழை, கேள்வி கேட்க மாட்டார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

வலிக்காத பொம்மை

பழகுவதற்கு மனிதர் தேவையில்லை என்பதற்கு நல்ல சாட்சி ஒரு பொம்மை. நார்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர் இருந்தார். மென்மையான பிளாஸ்டிக்கில் குழந்தைகளுக்கு பொம்மை செய்து விற்றவர். மூச்சும் இதயத்துடிப்பும் நின்றவரைக் காப்பாற்றும் முதலுதவியை மக்களுக்குச் சொல்லித்தர ஆளுயர பொம்மை ஒன்று வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்டபோது, 1960-ல் அவர் செய்து கொடுத்ததுதான் 'ரிசஸி ஆன்'. பாரிஸின் சீன் நதியில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத ஓர் இளம்பெண்ணின் முக அச்சு 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பிய வீடுகளில் அலங்காரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொம்மைக்கு அந்த முகத்தையே வைத்தார் லேர்டால்.

இன்றைக்கும் சி.பி.ஆர். பயிற்சி என்றால் இந்த பொம்மையும் அதன் வாரிசுகளும்தான். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம்; 6-ஐத் தாண்டக் கூடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுசாக மேலே எழ இடம் கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது சுலபமாகத் தெரியும். செய்து பார்த்தால் இரண்டே நிமிடத்தில் கை தளர்ந்து, அழுத்தம் ஆழம் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்கிறார்கள். புத்தகத்தில் நூறு முறை படித்தாலும் இது தெரியாது. கை வலித்தால்தான் தெரியும். பொம்மையிடம் நூறு முறை தப்பு செய்துவிட்டு, நூற்றியோராவது முறை மனிதரிடம் போவதுதான் முறை.

மாணவர் கையால் வந்த மரணம்

கையால் செய்யும் வேலைகளில் முதல் பாடம் கை கழுவுவது. இதில் போய் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 1847-ம் ஆண்டு வியன்னாவுக்குப் போய்வர வேண்டும்.

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த வார்டில் பிரசவித்த பெண்கள் ஜுரம் கண்டு கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் அவ்வளவு சாவு இல்லை. விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. 'அந்த வார்டில் மட்டும் என்னைச் சேர்க்காதீர்கள்' என்று கர்ப்பிணிகள் கெஞ்சினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் என்ற இளம் மருத்துவர். மாணவர்கள் காலையில் சவக்கூடத்தில் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு பிரசவ வார்டுக்கு வந்தார்கள். அவருடைய நண்பரான ஒரு பேராசிரியர், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி கீறியதில் ஜுரம் வந்து இறந்தார். அந்தச் சாவு, பிரசவித்த பெண்களின் சாவைப் போலவே இருந்ததைக் கவனித்தார் செம்மல்வெய்ஸ். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவாமல் யாரும் வார்டுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த ஏப்ரலில் 100 பேருக்கு 18 பேர் என்றிருந்த சாவு, ஜூனில் 2 பேராகக் குறைந்தது.

அந்த மாணவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. உயிர் காக்கப் படிக்க வந்தவர்கள்தான். தன் கை என்ன செய்கிறது என்று அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாமல் போகலாம் என்பதுதான் வியன்னா சொல்லித்தரும் பாடம்.

இன்று சோப்பு போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல் இடுக்கு, கட்டைவிரல், நக நுனி, மணிக்கட்டு என்று வரிசை உண்டு. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் இதைச் செய்ய வேண்டும். க்ளவுஸ் போட்டாலும் விலக்கு கிடையாது. தண்ணீர்க் குழாயே இல்லாத கிராமத்து கிளினிக்கில், ஒரு நாளைக்கு நாற்பது நோயாளிக்கு நடுவே இதை விடாமல் செய்வதுதான் உண்மையான பயிற்சி.

சின்ன வேலைகள், பெரிய பலன்

வெளிநாட்டுக்குக் கிளம்பும் மாணவர்களின் ஆசை பெரும்பாலும் தையல், ஊசி, பிரசவம் என்றே ஓடும். ஆனால், மாணவர் கையால் நல்லது நடக்கக்கூடிய வேலைகள் வேறு.

ரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டையைக் கட்டி, ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டு அளக்கும் முறையை 1905-ல் சொன்னவர் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ். நோயாளி 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கால் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். பட்டை துணி மேல் இல்லாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால், இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் எண் ஏறும். வீட்டில் மெஷின் வைத்து பி.பி. பார்ப்பவர்களுக்கும் இதே விதிகள்தான்.

சரி, மாணவர் சரியாகவே அளந்து 180 என்று எழுதிவிட்டார். அப்புறம்? அந்த ஊரில் மாத்திரை கிடைக்குமா, அடுத்த மாதம் யார் பார்ப்பார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் அளந்துவிட்டு விமானம் ஏறினால், அந்தக் குடும்பத்துக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்ததாகத்தான் அர்த்தம். எண்ணை எழுதி, உள்ளூர் சுகாதார நிலையத்தின் கையில் சேர்ப்பதும் சேர்ந்ததுதான் அந்த வேலை.

அடுத்தது, உப்பு சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. திலீப் மஹலானபிஸ் என்ற மருத்துவர், உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே டம்ளரில் மொண்டு கொடுக்கச் சொன்னார். 100 பேருக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. காப்பாற்றிய கைகளில் பெரும்பாலானவை, பட்டமோ பயிற்சியோ இல்லாத அம்மா, அண்ணன், பக்கத்துப் படுக்கைக்காரர் கைகள்தான்.

கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு, தலைதட்டிய டீஸ்பூனில் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. குழந்தை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். இதை ஒரு தாய்க்கு அவர் மொழியில், அவர் வீட்டுப் பாத்திரத்திலேயே அளந்து காட்டத் தெரிந்த மாணவர், பிரமாதமாகத் தையல் போடும் மாணவரைவிட அந்த ஊருக்குப் பயன்படுவார்.

மூன்றாவது, ஒரு கலர் நாடா. 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேல்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளப்பார்கள். பச்சையில் நின்றால் சரி. 11.5 முதல் 12.5 சென்டிமீட்டர் வரை மஞ்சள், கவனிக்க வேண்டும். 11.5-க்குக் கீழே சிவப்பு. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, உடனே சிகிச்சை தேவை. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் இந்த நாடாவைத் தாய்மார்கள் கையிலேயே கொடுத்து, அவர்களையே அளக்கப் பழக்கியிருக்கிறார்கள். தன் குழந்தையின் கை மெலிவதைத் தாய் கண்டுபிடிக்க, வெளிநாட்டு மாணவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

'நீங்கள் செய்யுங்கள் டாக்டர்!'

வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் 'டாக்டர்' என்று கூப்பிட்டுவிடுவார்கள். வேலை குவிந்து கிடக்கும் கிளினிக்கில் நர்ஸ் ஒருவர், "இந்தத் தையலை நீங்கள் போட்டுவிடுகிறீர்களா?" என்று நீட்டலாம். வெளிநாட்டில் படிப்பவருக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். விருந்தாளியிடம் மறுத்துப் பேசத் தயக்கமாகவும் இருக்கலாம். நோயாளிக்கோ, தன்மேல் கை வைக்கப்போவது டாக்டரா, டாக்டராக ஆசைப்படுபவரா என்பது தெரியாது.

இந்த இடத்துக்காகவே அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் 2011-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன் சாரம் ரொம்ப எளிது. உன் ஊரில் இந்த வேலையை இன்றைக்குச் செய்ய உனக்கு அனுமதி உண்டா? இல்லையென்றால் அங்கேயும் இல்லை. தகுதிக்கு மீறி எதையாவது செய்துவிட்டு, அதை அனுபவம் என்று விண்ணப்பத்தில் எழுதினால், அதுவே மாணவருக்கு எதிராகத் திரும்பலாம் என்றும் அது எச்சரித்தது.

மாணவருக்கும் ஆபத்து உண்டு. ஊசி குத்திக்கொள்வது ஒரு நொடி வேலை. ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், தொற்றுவது ஆயிரத்துக்கு மூன்று முறை என்ற அளவில்தான். ஆனால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு அந்த வைரஸ் நூற்றுக்கு முப்பது வரைகூடத் தொற்றலாம். அந்தத் தடுப்பூசியின் மூன்று டோஸ் முடிய வழக்கமாக ஆறு மாதம் ஆகும். டிக்கெட் எடுத்த பிறகு யோசித்தால் நேரம் போதாது. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, நேராக அதற்கான கெட்டிப் பெட்டியில் போட வேண்டும். குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் இதில் பெரிய தப்பு.

எல்லை தாண்டினால் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உகாண்டாவின் ஜின்ஜா நகரில் ஒரு வழக்கு உண்டு. மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஓர் இளம் அமெரிக்கப் பெண், அங்கே ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்காக மையம் நடத்தினார். 2010 முதல் 2015 வரை அங்கே சேர்க்கப்பட்ட சுமார் 940 குழந்தைகளில் 105 பேர் இறந்தார்கள். 2019-ல் இரண்டு தாய்மார்கள் நீதிமன்றம் போனார்கள். தான் டாக்டர் வேலை பார்க்கவில்லை என்றார் அந்தப் பெண். அங்கே வந்த குழந்தைகள் ஏற்கெனவே மிகவும் மோசமான நிலையில் இருந்தவர்கள் என்பதும் உண்மை. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2020-ல் சமரசம் ஆனது. ஆனால், 'வெள்ளைக்கார டாக்டர்' என்று நம்பிக் குழந்தையைக் கொண்டுவந்தோம் என்ற தாய்மார்களின் புகார், நல்ல மனசோடு கிளம்பும் ஒவ்வொருவரும் கேட்டிருக்க வேண்டிய ஒன்று.

திண்டிவனத்தில் ஓர் இரவு

இதே கேள்வியை நம் மண்ணில் சந்தித்தவர் ஐடா ஸ்கட்டர். ராணிப்பேட்டையில் பிறந்து, அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர். 1890-களின் தொடக்கத்தில், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்திருந்தார். அப்பா மருத்துவர். மகளுக்கு மருத்துவத்தில் ஆர்வமே இல்லை.

ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி, நிலைமை மோசம். அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள் அவர்கள். எனக்கு வைத்தியம் தெரியாதே என்றார் ஐடா. மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

தெரியாத வேலையைச் செய்யக் கிளம்பாமல் நின்றது அந்த இரவில் ஐடா செய்தது. ஆனால், அதோடு அவர் கையைக் கழுவிக்கொள்ளவில்லை. அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899-ல் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1900-ல் திரும்பி வந்து வேலூரில் சிகிச்சையைத் தொடங்கினார். 'தெரியாது' என்று சொன்னதற்கும் 'வருகிறேன்' என்று சொன்னதற்கும் நடுவே, வருடக்கணக்கான படிப்பு இருந்தது.

அதைவிடப் பெரிய காரியம் அடுத்து நடந்தது. தன் இரண்டு கை போதாது என்பது அவருக்குப் புரிந்தது. 1909-ல் செவிலியர் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று ஆரம்பித்தார். இந்த ஊர்ப் பெண்களே இந்த ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கும் நிலை வந்தது. வேலூர் சி.எம்.சி. என்று இன்று உலகம் அறிந்திருப்பது அதன் தொடர்ச்சிதான்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

உங்கள் வீட்டுப் பிள்ளையோ, அக்கா பிள்ளையோ, 'வெளிநாட்டில் மருத்துவ சேவைக்குப் போகிறேன்' என்று வந்து நின்றால் தடுக்க வேண்டாம். பணம் கட்டும் முன், அழைத்துப் போகும் நிறுவனத்திடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.

1. என் பிள்ளை அங்கே என்னென்ன செய்வான், என்னென்ன செய்யக் கூடாது? எழுத்தில் கொடுக்க முடியுமா?

2. மேற்பார்வை பார்ப்பது யார்? அந்த நாட்டில் பதிவு பெற்ற மருத்துவரோ செவிலியரோ கூடவே இருப்பாரா?

3. இந்த ஆள் வேண்டும் என்று உள்ளூர் மருத்துவமனை கேட்டதா, அல்லது நீங்களாக அனுப்புகிறீர்களா?

4. குழு கிளம்பிய மறுநாள், அங்கே சிகிச்சையை யார் தொடர்வார்கள்?

5. ஊசி குத்தினால், விபத்து நடந்தால் எங்கே போக வேண்டும்? தடுப்பு மருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

6. நோயாளிகளைப் போட்டோ எடுப்பதற்கு என்ன விதி?

'வாருங்கள், நேரடியாக ஆபரேஷனில் கை வைக்கலாம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனம் என்றால், இரண்டாவது கேள்வி வரைக்கும்கூடப் போகத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கும் ஒன்று. போகிற ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போக வேண்டாம். கென்யாவிலும் தான்சானியாவிலும் 'கிளினிக்கல் ஆபீஸர்' என்றொரு பதவி உண்டு. டாக்டர் பட்டம் இல்லாவிட்டாலும், முறையாக மருத்துவம் பயின்று கிராமங்களின் பெரும்பகுதிச் சிகிச்சையைத் தாங்குபவர்கள் அவர்கள். மலேரியாவையே கண்ணால் பார்த்திராத மாணவர், அவர்கள் பக்கத்தில் நின்று கவனித்தாலே அந்தப் பயணம் லாபம்.

போவதற்கு முன் அந்த ஊர் மொழியில் கொஞ்சம் பேசப் பழகுவது அவசியம். வணக்கம், பெயர் என்ன, எங்கே வலிக்கிறது என்று பத்து வாக்கியமாவது சொல்லித்தருவார்கள். அவற்றோடு இன்னும் இரண்டு வாக்கியங்களைத் தடுமாறாமல் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்துகொண்டு போகட்டும்: "நான் டாக்டர் இல்லை, மாணவன். கொஞ்சம் பொறுங்கள், தெரிந்தவரை அழைத்து வருகிறேன்."